"பொண்ணுங்களே பொறுப்பு வேணாம்ங்கிறாங்க" – கடை வேலைல இருக்கிறவங்க சொல்லுங்க, இது உண்மையா?

கேள்வி – 2024 ஜூன் 9

என் தங்கச்சி தி.நகர்ல ஒரு பெரிய ஜவுளிக்கடைல பட்டு செக்‌ஷன்ல ஆறு வருஷமா நிக்கிறா. விக்கிறதுல அந்த ஃப்ளோர்ல அவதான் முதல். போன மாசம் சூப்பர்வைசர் இடம் காலியாச்சு, அவளுக்கு அப்புறம் சேர்ந்த பையனுக்கு குடுத்துட்டாங்க. கேட்டதுக்கு மேனேஜர் "பொண்ணுங்களே பொறுப்பு வேணாம்ங்கிறாங்கம்மா, நீயும் ரெண்டு வருஷத்துல கல்யாணம் பண்ணிட்டு போயிடுவ"ன்னு சொல்லிட்டார். இது நிஜமா? இந்த லைன்ல பொண்ணு மேனேஜர் ஆகவே முடியாதா, இல்ல கடை மாறணுமா?

ஜூன் 9, இரவு

தம்பி, அந்த வசனம் நானும் கேட்டுக் கேட்டு காது புளிச்சுப் போனது. பன்னெண்டாவது முடிச்ச கையோட தென்காசிப் பக்கத்துலேர்ந்து வந்து சென்னைல ஜவுளிக்கடை கவுண்டர்ல நின்னவ நான். இப்ப கோயமுத்தூர்ல ஒரு கம்பெனி ஸ்டோர்ல, அதாவது பல ஊர்ல கிளை இருக்கிற செயின் கடைல, ஸ்டோர் மேனேஜர்.

வேணாம்னு சொல்ற பொண்ணுங்க இருக்காங்க, இல்லன்னு சொல்லல. ஏன் சொல்றாங்கன்னு யாராவது உக்காந்து கணக்கு போட்டாங்களா? பட்டுல நல்லா விக்கிற பொண்ணுக்கு சம்பளம் ஒரு பக்கம், இன்சென்டிவ் ஒரு பக்கம் வரும். முகூர்த்த மாசத்துல அந்த இன்சென்டிவை நம்பித்தான் வீட்டுல சீட்டே கட்டுவாங்க. சூப்பர்வைசர் ஆனா பல கடைல அது நின்னுடும், சம்பளம் கொஞ்சம் ஏறும், கூட்டிக் கழிச்சா கைக்கு வர்றது குறையும், அதுக்கு மேல செக்‌ஷன்ல பீஸ் ஷார்ட்டேஜ் வந்தா பிடித்தம் வேற. பையனுக்கும் அதே கணக்குதான், ஆனா அவன் ரெண்டு வருஷம் பல்லைக் கடிச்சுக்கிட்டா ஃப்ளோர் மேனேஜர் ஆகலாம்னு கண்ணு முன்னாடி நாலு பேரைப் பாக்குறான். உங்க தங்கச்சி யாரைப் பாப்பா? அவளுக்கு மேல ஒரு பொண்ணு கூட போகாத கடைல சம்பளத்தைக் குறைச்சுக்கிட்டு பொறுப்பை ஏத்துக்கோன்னா எந்தப் பொண்ணும் யோசிக்கத்தான் செய்வா. அதை ஆசை இல்லன்னு எழுதி வைக்கிறது அநியாயம்.

ஜூன் 10

கல்யாண விஷயத்தையும் சொல்லிடறேன். பையன்களும்தான் போறாங்க. எதிர்க்கடைல ஆயிரம் ரூபா கூட குடுத்தா போறான், ஏஜென்ட் கிடைச்சா துபாய் போறான், ஊர்ல சொந்தமா கடை போடப் போறான். அவனை சூப்பர்வைசர் ஆக்கும்போது "நீ எப்ப போவ"ன்னு ஒருத்தரும் கேக்கறதில்ல.

ஜூன் 14, வெள்ளி

நிறைய பேர் கேட்டிருக்கீங்க, அப்ப மேல வர்றதுக்கு என்னதான் வழின்னு. என் மனசுல ரொம்ப நாளா இருக்கிறதை எழுதறேன், நீளமா போகும்.

கடைல மேனேஜர் ஆகறவன் நல்லா விக்கிறவன் இல்ல. சரக்கு எங்கேர்ந்து வருது, என்ன விலைக்கு வருது, எத்தனை நாள் தேங்குது, எவ்வளவு டேமேஜ், எவ்வளவு காணாமப் போச்சுன்னு தெரிஞ்சவன்தான் ஆகறான். பொண்ணுங்களை கவுண்டர்ல, பில்லிங்ல, கிஃப்ட் பேக்கிங்ல, ரிசப்ஷன்ல போடுவாங்க. பையன்களை குடோன்ல, லோடு இறக்கறதுல, ஸ்டாக் எடுக்கறதுல, பேங்க்ல பணம் கட்டறதுல, சாயங்காலம் கடை பூட்டறதுல போடுவாங்க. சேரும்போது ரெண்டு பேருக்கும் சம்பளம் ஏறக்குறைய ஒண்ணுதான், அதனால யாருக்கும் வித்தியாசமே தெரியாது. அஞ்சு வருஷம் கழிச்சு பாத்தா பையனுக்கு சரக்கு தர்ற பார்ட்டி பேர் எல்லாம் தெரியும், எந்த மில்லு சரக்கு சாயம் போகும்னு தெரியும், எந்த சப்ளையர்கிட்ட ரிட்டர்ன் எடுப்பாங்கன்னு தெரியும். பொண்ணுக்கு கஸ்டமரைத் தெரியும். கஸ்டமரைத் தெரிஞ்சது பெரிய அறிவு, நான் குறைச்சு சொல்லவே மாட்டேன், ஆனா முதலாளி மேனேஜரைத் தேடும்போது குடோன் சாவியை யார்கிட்ட குடுக்கலாம்னுதான் பாக்கறார்.

இதுல பர்ச்சேஸ்தான் உச்சம். சிந்தெடிக் புடவைக்கு சூரத், பட்டுக்கு காஞ்சிபுரம், ஆரணி, விலை கம்மியான ரகத்துக்கு இளம்பிள்ளை, பனியன் ஐட்டத்துக்கு திருப்பூர், மொத்தச் சரக்குக்கு ஈரோட்டுல திங்கள் ராத்திரி ஆரம்பிச்சு செவ்வாய் வரைக்கும் நடக்கிற ஜவுளிச் சந்தை. இந்த ஊர்களுக்கு மேனேஜர் கூட பை தூக்கிட்டு போற பையன்தான் நாளைக்கு மேனேஜர். நான் சென்னைல இருந்த வரைக்கும் ஒரு சேல்ஸ் பொண்ணைக் கூட பர்ச்சேஸுக்கு கூட்டிட்டுப் போய் பாத்ததில்ல. வாங்கறது பொம்பளைங்க கட்டற புடவை. எந்தக் கலர் கேட்டு வர்றாங்க, எந்த பார்டரைப் பாத்து முகம் சுளிக்கிறாங்க, எந்த விலைல பையை மூடிட்டு எழுந்திருக்காங்கன்னு தெரிஞ்சவ கடைல நிப்பா, அதெல்லாம் தெரியாதவன் சூரத்ல உக்காந்து ஆர்டர் போடுவான், அப்புறம் ஆடில அந்த சரக்கை பாதி விலைக்கு தள்ளுவாங்க. எனக்கு இதுல ஆத்திரம் இன்னும் அடங்கல.

அதனால தம்பி, உங்க தங்கச்சி சூப்பர்வைசர் போஸ்ட்டை மட்டும் கேக்க வேணாம். அடுத்த ஸ்டாக் எடுக்கும்போது என்னையும் போடுங்கன்னு கேக்கச் சொல்லுங்க.

ஜூன் 15

மேல ஒரு அண்ணன் "சட்டப்படி பொம்பளைங்க எட்டு மணிக்கு மேல கடைல இருக்கக் கூடாது, அப்புறம் எப்படி கடை பூட்டற பொறுப்பைத் தர முடியும்"னு எழுதியிருக்கார். அது முழுசும் சரியில்ல அண்ணே. 2019ல தமிழ்நாட்டுல பத்து பேர், அதுக்கு மேல வேலை பாக்குற கடைகள் 24 மணி நேரமும் திறக்கலாம்னு அரசாணை வந்துச்சே, அதுல சாதாரணமா எட்டு மணிக்கு மேல பெண்களை வேலை வாங்கக் கூடாதுன்னு இருக்கு, கூடவே அவங்க எழுத்துல சம்மதம் குடுத்தா ராத்திரி எட்டுலேர்ந்து காலைல ஆறு வரைக்கும் பாக்கலாம், பாதுகாப்பு குடுக்கணும், ஷிஃப்ட்ல வர்றவங்களுக்கு வண்டி ஏற்பாடு பண்ணணும்னும் இருக்கு. ஆக கதவு மூடல. வண்டிக்கு காசு செலவாகும்ங்கிறதுதான் விஷயம்.

இன்னொண்ணு, சீசன்ல பத்தரை மணி வரைக்கும் அதே பொண்ணுங்க கவுண்டர்ல நிக்கிறாங்க, அப்ப யாருக்கும் எட்டு மணி ஞாபகம் வர்றதில்ல. புடவை மடிக்க இருக்கலாம், ஷட்டர் பூட்ட இருக்கக் கூடாதா?

ஜூன் 23

ஹாஸ்டல் பத்தி கேட்ட தங்கச்சிக்கு. ஆமாம்மா, நானும் கடை ஹாஸ்டல்லதான் இருந்தேன். சாப்பாடு, படுக்கை கவலை இல்ல, ஊர்ல அப்பா அம்மா நிம்மதியா இருந்தாங்க, அதுனாலதான் எங்க ஊர்லேர்ந்து அத்தனை பேர் வெளிய வரவே முடிஞ்சுது, அதை மறக்க மாட்டேன். ஆனா கடை மூடினதும் எங்களை வரிசையா ஹாஸ்டலுக்கு கூட்டிட்டுப் போய் வார்டன் கேட்டைப் பூட்டிடுவாங்க. பையன்கள் மேனேஜர் கூட டீக்கடைல நிப்பாங்க. நாளைக்கு யார் எந்த செக்‌ஷன், யார் லீவு, யார் ஈரோடு போறாங்கன்னு எல்லாம் அந்த டீக்கடைல முடிவாயிடும். காலைல எங்களுக்கு சேதி மட்டும் வரும்.

அதுக்கு நாங்க என்ன பண்ணினோம்னா, காலைல பிரேயர் முடிஞ்ச உடனே ஃப்ளோர் மேனேஜர்கிட்ட அஞ்சு நிமிஷம் பேசறதை வழக்கமாக்கினோம். முந்தின நாள் என்ன கேட்டு வந்தாங்க, இல்லன்னு எதுக்கு திரும்பிப் போனாங்கன்னு ஒரு நோட்டுல எழுதி வச்சு சொல்வோம். முதல்ல அவர் கண்டுக்கல. அப்புறம் அந்த நோட்டை வாங்கி பர்ச்சேஸுக்கு எடுத்துட்டு போக ஆரம்பிச்சார். நோட்டு சூரத் போச்சு, நாங்க போகல, ஆனாலும் அதுலேர்ந்துதான் எனக்கு ஸ்டாக் ரிஜிஸ்டர் பாக்க விட்டாங்க.

ஜூலை 28

ஆடி சீசன், மூச்சு விட நேரமில்ல. ஒரே ஒரு விஷயம். மேல வர்றதைப் பத்தி பேசறோமே, நிக்க முடிஞ்சாதானே மேல வர்றது. கால் நரம்பு சுருண்டு, முட்டி வீங்கி, மாசத்துல அந்த நாள்லயும் நின்னு நின்னு முப்பது வயசுக்குள்ள வேலையை விட்ட பொண்ணுங்களை நெறைய தெரியும் எனக்கு. மேனேஜர் பட்டியல் போடும்போது அவங்க கடைலயே இல்ல.

கேரளாவுல கோழிக்கோடு மிட்டாய்த் தெருவுல விஜின்னு ஒரு தையல்காரம்மா கடைப் பொண்ணுங்களைச் சேத்து, மூத்திரம் போக இடம் வேணும், உக்கார ஸ்டூல் வேணும்னு வருஷக்கணக்கா போராடினாங்க. 2018ல அங்க சட்டத்தையே திருத்தினாங்க. இங்க 2021 செப்டம்பர்ல சட்டசபைல திருத்தம் வந்து, 1947ம் வருஷத்து கடைகள் நிறுவனங்கள் சட்டத்துல எல்லா ஊழியருக்கும் உக்கார இடம் குடுக்கணும்னு சேத்தாங்க. உங்க ஃப்ளோர்ல ஸ்டூல் இருக்கா? இருந்தா உக்கார விடறாங்களா? தயவுசெஞ்சு எழுதுங்க.

ஆகஸ்ட் 18

ஸ்டூல் பத்தி வந்த பதிலையெல்லாம் படிச்சேன். பாதிப் பேர் ஸ்டூல் இருக்கு, கஸ்டமர் இல்லாதப்ப கூட உக்காந்தா முறைக்கிறாங்கன்னு எழுதியிருக்கீங்க. கஷ்டமா இருந்துச்சு.

இது நம்ம ஊர்ப் பிரச்சனை மட்டும்தானான்னு ஒருத்தர் கேட்டிருந்தார். இல்லவே இல்ல. அமெரிக்காவுல வால்மார்ட்னு ஒரு பெரிய செயின் கடை கம்பெனி, அவங்க மேல வந்த கேஸ் தெரிஞ்சுக்கோங்க. பெட்டி டியூக்ஸ்னு ஒரு அம்மா, கலிஃபோர்னியால பிட்ஸ்பர்க்ங்கிற ஊர்ல 1994ல பார்ட் டைம் கேஷியரா சேர்ந்தவங்க. மேல வர ஆசைப்பட்டு கேட்டுக் கேட்டு நடக்காம 2001ல இன்னும் சில பெண்களோட சேர்ந்து கோர்ட்டுக்கு போனாங்க. அது வளந்து சுமார் 15 லட்சம் பெண் ஊழியர்கள் சார்பா ஒரே வழக்கா ஆச்சு. மணிக்கணக்குல சம்பளம் வாங்கற வேலைல 70 சதவீதம் பெண்கள், மேனேஜ்மென்ட்ல 33 சதவீதம்தான். பல மேனேஜ்மென்ட் ட்ரெய்னி இடங்களை வருஷக்கணக்கா வெளில அறிவிக்கவே இல்ல, அங்கங்க இருக்கிற மேனேஜர் தனக்குப் பிடிச்சவன் தோளைத் தட்டி கூப்பிடறதுதான்னு அவங்க தரப்புல சொன்னாங்க. நம்ம டீக்கடையேதான்!

2011ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட் என்ன சொல்லிச்சுன்னா, இத்தனை ஆயிரம் கடைல ஒவ்வொரு மேனேஜரும் தனித்தனியா எடுத்த முடிவு இது, எல்லாருக்கும் பொதுவான ஒரே கேள்வி இல்ல, அதனால ஒரே வழக்கா நடத்த முடியாதுன்னுடுச்சு, அஞ்சுக்கு நாலுன்னு. பாகுபாடு நடக்கலன்னு கோர்ட் சொல்லல, சேர்ந்து கேக்க முடியாதுன்னு சொல்லிச்சு. பெட்டி அம்மா 2017ல இறந்துட்டாங்க.

இதையும் பாருங்க. அதே கம்பெனில 2014ல சி.இ.ஓ. ஆன டக் மெக்மில்லன், 1984ல காலேஜ் போகற வயசுல கோடை லீவுல அவங்க குடோன்ல லாரிலேர்ந்து சரக்கு இறக்குற வேலைக்குதான் முதல்ல வந்தார். அந்த மனுஷன் படிப்பையும் உழைப்பையும் நான் குறை சொல்லல. ஆனா குடோன்ல ஆரம்பிச்சவர் எங்க போனார், கேஷ்ல ஆரம்பிச்சவங்க எங்க நின்னாங்கன்னு பாத்தப்ப எனக்கு ஜூன்ல எழுதினது இன்னும் உறுதியாச்சு.

ஆகஸ்ட் 20

"பெண்கள் மேல இருக்காங்களே, நல்லி பட்டுக்கடைக் குடும்பத்து லாவண்யா நல்லி இல்லையா"ன்னு கேட்ட அக்காவுக்கு. இருக்காங்க, சந்தோஷம்தான். 1928லேர்ந்து நடக்கிற கடை, அந்தக் குடும்பத்துல தொழிலுக்குள்ள வந்த முதல் பெண் அவங்கதான். குடும்பத்துப் பொண்ணுக்கே அஞ்சாவது தலைமுறை வரைக்கும் ஆயிருக்குன்னா கவுண்டர் பொண்ணுக்கு எவ்வளவு தூரம்னு யோசிச்சுக்கோங்க. அமெரிக்காவுலயும் வால்மார்ட்டோட சாம்ஸ் கிளப் கடைகளுக்கு 2012ல தலைவியா வந்த ரோசலின்ட் புரூவர் வேற பெரிய கம்பெனில இருந்து வந்தவங்க. நம்ம ஊர்ல அழகுப் பொருள் விக்கிற நைக்கா கம்பெனியை ஆரம்பிச்ச ஃபால்குனி நாயர் பேங்க் வேலைலேர்ந்து வந்தவங்க. இவங்க எல்லாரையும் நான் மதிக்கிறேன். ஆனா இந்தக் கேள்வி கவுண்டர்ல நிக்கிற பொண்ணு பத்தினது, அவ ஏற வேண்டிய படிக்கட்டு பத்தினது. மேல பால்கனில ஒரு பொண்ணு நிக்கிறதால கீழ படிக்கட்டு கட்டியாச்சுன்னு ஆகாது.

செப்டம்பர் 8

கடை மாறலாமான்னு தம்பி முதல்லயே கேட்டிருந்தார், அதுக்கு நான் நேரா பதில் சொல்லவே இல்ல. மனசு ரெண்டு பக்கமும் இழுக்குது, அதான்.

கம்பெனி ஸ்டோர்ல நல்லது என்னன்னா எல்லாத்துக்கும் நம்பர் இருக்கும். உள்ள வந்த கஸ்டமர்ல எத்தனை பேர் வாங்கினாங்க, ஒரு பில்லுக்கு எத்தனை பீஸ், ஸ்ரிங்கேஜ், அதாவது கணக்குல குறையற சரக்கு, எவ்வளவுன்னு தினமும் ஸ்க்ரீன்ல வரும், டிபார்ட்மென்ட் மேனேஜர் இடம் காலின்னா பல கம்பெனில உள்ளுக்குள்ளயே மெயில் வரும், நம்ம நம்பரைக் காட்டி விண்ணப்பிக்கலாம். நான் அப்படித்தான் டிபார்ட்மென்ட் மேனேஜர், அசிஸ்டன்ட் ஸ்டோர் மேனேஜர்னு வந்தேன். இன்டர்வியூல யாரும் அப்பா பேர் கேக்கல.

ஆனா அங்க வேற ஒரு சுவர் இருக்கு, டிரான்ஸ்ஃபர். ஸ்டோர் மேனேஜர் ஆகணும்னா "ஓசூர் போறியா, விஜயவாடா போறியா"ன்னு கேப்பாங்க. கல்யாணம் ஆகாத பொண்ணுன்னா வீட்டுல விட மாட்டாங்க, ஆனவன்னா புருஷன் வேலை, பிள்ளை ஸ்கூல். நான் போனேன், எங்க மாமியார் என் பையனைப் பாத்துக்கிட்டதால போனேன். அவங்க இல்லன்னா நான் இன்னைக்கும் அசிஸ்டன்ட்தான், இதுல திறமைக்கு ஒரு சம்பந்தமும் இல்ல. ஊர் மாறினாதான் கத்துக்குவாங்கன்னு கம்பெனி நினைக்கிறதுல கொஞ்சம் நியாயம் இருக்கு, வேற கூட்டம், வேற சரக்கு. ஆனா ஒரே ஊர்ல ரெண்டு மூணு ஸ்டோர் இருக்கிற இடத்துல அங்கேயே மாத்திக் குடுத்தா என்ன? இதை எங்க ஏரியா மேனேஜர்கிட்ட நான் விடாம கேட்டுட்டுதான் இருக்கேன்.

குடும்பக் கடைல டிரான்ஸ்ஃபர் இல்ல, முதலாளியை நேரா பாக்கலாம், அவர் ஒரு வார்த்தை சொன்னா அன்னைக்கே நடக்கும். அது நடக்குமாங்கிறது அந்த முதலாளி எப்படிப்பட்டவர்ங்கிறதைப் பொறுத்தது. உங்க தங்கச்சி இன்னொரு வருஷம் அங்கேயே ஸ்டாக், பர்ச்சேஸ் பக்கம் தள்ளிப் பாக்கட்டும், கத்துக்கிட்டது எங்க போனாலும் கூட வரும். அப்பவும் விடலன்னா மாறட்டும். கம்பெனி ஸ்டோருக்கு மாறறதுன்னா ரீடெய்ல் ஸ்கில் கவுன்சில் டீம் லீடர் கோர்ஸ் சர்ட்டிஃபிகேட் மாதிரி ஏதாவது கைல இருந்தா நல்லது, பன்னெண்டாவதோட நிக்கிறவங்களுக்கு பேச ஒரு பிடி கிடைக்கும்.

செப்டம்பர் 9

சட்டம் பத்தி மூணு விஷயம், நெறைய முதலாளிகளுக்கே தெரியல.

பத்து பேர், அதுக்கு மேல வேலை பாக்குற இடத்துல பாலியல் தொந்தரவு புகாருக்கு உள்ளகக் குழு வைக்கணும்னு 2013 சட்டம் சொல்லுதே, அதுக்குத் தலைமை ஒரு பெண், அதுவும் மூத்த பதவில இருக்கிற பெண் ஊழியரா இருக்கணும். உங்க கடைல அப்படி யார் இருக்கா? சூப்பர்வைசருக்கு மேல பொண்ணே இல்லன்னா வேற கிளைலேர்ந்து ஆளைத் தேடணும். "நம்ம கடைல அந்தத் தகுதில ஒருத்தர் கூட இல்லையே"ன்னு முதலாளிகிட்ட மரியாதையா எடுத்துச் சொல்ல இது நல்ல சந்தர்ப்பம், நான் பாத்த ஒரு கடைல இதை வச்சே ஒரு அக்காவை ஃப்ளோர் மேனேஜர் ஆக்கினாங்க.

அம்பது பேர், அதுக்கு மேல இருந்தா குழந்தைங்களைப் பாத்துக்க கிரெச் வசதி குடுக்கணும், பிரசவ லீவு 26 வாரம், இது 2017 திருத்தம். தி.நகர் பெரிய கடைல அம்பது பேர் ஒரு ஃப்ளோர்லயே இருப்பாங்க. அப்புறம் 1976ம் வருஷத்து சம ஊதியச் சட்டம். அது சம்பளத்துக்கு மட்டும்தான்னு நினைக்கிறோம், 1987ல திருத்தி பதவி உயர்வு, பயிற்சி, இட மாற்றத்துலயும் பொண்ணுன்னு பாகுபாடு பாக்கக் கூடாதுன்னு சேத்துட்டாங்க. (பின்குறிப்பு: இந்தச் சம ஊதியச் சட்டம் 2025 நவம்பர் வரைக்கும்தான் இருந்துச்சு, அதுக்கு பதிலா ஊதியச் சட்டத் தொகுப்பு வந்துடுச்சு.) இதையெல்லாம் சண்டை போட எழுதல. "பொண்ணுங்களுக்கு குடுக்கறதில்லம்மா"ன்னு ஒருத்தர் சாதாரணமா சொல்லும்போது, அது சட்டப்படியே தப்புன்னு தெரிஞ்சுக்கிட்டு நின்னா குரல் நடுங்காது.

அக்டோபர் 6

தம்பி தனியா எழுதியிருந்தார், அவர் சம்மதத்தோட இங்க போடறேன். தங்கச்சியை அரையாண்டு ஸ்டாக் எடுக்கறதுல சேத்துக்கிட்டாங்களாம். ரெண்டு வருஷமா அலமாரி மேல் தட்டுல கிடந்த ஒரு லாட்டை அவதான் கண்டுபிடிச்சு, "இதை நான் வித்துத் தர்றேன்"னு சொல்லி கீழ இறக்கியிருக்கா. எனக்கு கண்ணு கலங்கிடுச்சு. தங்கம், அந்த லாட்டு எத்தனை பீஸ், எத்தனை நாள்ல போச்சு, என்ன விலைக்கு போச்சுன்னு தேதியோட எழுதி வச்சுக்கோ. வாயால சொன்னா பாராட்டிட்டு மறந்துடுவாங்க.

நவம்பர் 10

தீபாவளி முடிஞ்சு இப்பதான் உக்காந்தேன். மேல ஒரு தங்கச்சி, சூப்பர்வைசர் ஆயிட்டேன், குடோன் பசங்க சொன்னா கேக்க மாட்டேங்கிறாங்க, "அக்கா அதெல்லாம் உங்களுக்கு தெரியாது"ங்கிறாங்கன்னு அழுதிருக்கா. எனக்கும் அப்படித்தான் ஆச்சும்மா. கத்தாத. காலைல லோடு வரும்போது நீயே போய் நில்லு, பில்லை வாங்கி பண்டலை எண்ணு, ரெண்டு பண்டலைப் பிரிச்சு பீஸை சரி பாரு, குறைஞ்சிருந்தா டிரைவர் இருக்கும்போதே பில்லுலயே எழுதி கையெழுத்து வாங்கு. தினமும் செய். ஒரு மாசத்துல எந்த பார்ட்டி சரக்குல குறையும்னு அவங்களை விட உனக்கு நல்லாத் தெரியும், அப்புறம் அவங்களே வந்து கேப்பாங்க. இன்சென்டிவ் போன விஷயத்தை மட்டும் விட்டுடாத, செக்‌ஷன் மொத்த விற்பனைல ஒரு பங்கு சூப்பர்வைசருக்கு வேணும்னு பொங்கலுக்கு முன்னாடியே கேளு, தை முகூர்த்தம் ஆரம்பிச்சுட்டா யாருக்கும் காது கேக்காது.